ஆபரேஷன் வயிற்றுக்குத் தண்ணீர் ஆகாது

அதற்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அதைப் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் முதல் நாளிலிருந்தே நல்ல ஒற்றுமை.

என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அங்கே அவன் ஆசைப்பட்டு வாங்கிய பச்சோந்தி அது. நம் ஊர் வேலியில் திரிகிற ஜாதி இல்லை, ஏமன் தேசத்துக்காரி. தலையில் கூம்பு மாதிரி ஒரு கொண்டை இருக்கும். ஊர்ப் பச்சோந்தியைப் பிடித்து வளர்த்தால் வனத்துறை கேஸ் போடும், இதற்கு முறையான பேப்பர் இருக்கிறது என்று அந்தப் பேப்பரையும் காட்டினான். அவனுடைய வீட்டு ஓனர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, இதைக் காலி பண்ணு, இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டாராம். போன தீபாவளிக்கு வந்தவன், வலைக்கூண்டு, விளக்கு, செடித்தொட்டி சகிதம் அதைக் கூடலூரில் எங்கள் வீட்டு ஹாலில் இறக்கிவிட்டுப் போனான். நான் வேண்டாம் என்றேன். ஆறு மாதம்தான் என்றான். என் வீட்டுக்காரர், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். இந்த வீட்டில் எதையும் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறவர் அவர். அதற்கு அடியில் கூட்டி அள்ளுகிறவள் நான்.

வீட்டில் நான் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்று ஓடிக்கொண்டிருக்கும். மிஷினும் ஹாலில்தான். நான் தைக்க உட்கார்ந்தால் அது ஒரு கண்ணை என் மேலும் இன்னொரு கண்ணை விளக்கின் மேலும் வைத்திருக்கும். பக்கத்தில் போனால் வாயைப் பிளந்து சீறும். கழுத்தை உப்பிக்கொண்டு கறுத்துப்போகும். அளவு கொடுக்க வருகிற பெண்கள், கடிக்குமா அக்கா என்று கேட்பார்கள். கடித்தால் நல்லதுதான், வெளியே தூக்கிப்போட ஒரு காரணம் கிடைக்கும் என்று சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

மார்கழிக் கடைசியில் அது சாப்பிடுவதை நிறுத்தியது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்தது. கூண்டின் தரையில் இறங்கி நாள் முழுக்கப் பிராண்டிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, விளையாடுகிறது என்றார். ஆண் துணை இல்லாமலே இந்த ஜாதி முட்டை வைக்குமாம். மண்ணைத் தோண்டி அதற்குள்தான் இடுமாம். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு செத்துப்போகுமாம். கூண்டின் தரை பிளாஸ்டிக். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மகனுக்கு வாங்கும்போதே சொல்லியிருக்கிறார்கள். அவன் மறந்துவிட்டான். ஒரு பெண் ஜீவனை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு அதற்கு என்ன வேண்டும் என்பது மட்டும் எப்படித்தான் மறந்துபோகிறதோ.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். விடிவதற்குள், ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக் குமுளி மலை ஏறுவார். சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவார். காய்ச்சல், மழை எதற்கும் ஜீப்பை நிறுத்தியவர் இல்லை. ஒருநாள் நிறுத்தினால் அடுத்த ஜீப்காரன் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்பார். அப்படிப்பட்ட மனிதர் பச்சோந்திக்காக ஜீப்பை இரண்டு நாள் நிறுத்தினார். மகன் போனில் சொன்ன விலாசத்தை வைத்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி, கோட்டயத்துக்குப் பக்கத்தில் ஒரு மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வயிற்றைக் கிழித்து நாற்பத்தோரு முட்டை எடுத்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்து, முட்டைப் பையையும் சேர்த்து எடுத்தாயிற்று, இனிமேல் இந்தத் தொல்லை இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார்.

எனக்கும் எடுத்தாயிற்று. ஆறு வருடத்துக்கு முன்னால், தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆபரேஷன் நாளன்றும் மறுநாளும் கூட இருந்தார். மூன்றாம் நாள் ஜீப்பை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு மத்தியானம் ஒரு தரம் வந்து எட்டிப்பார்ப்பதோடு சரி. டிஸ்சார்ஜ் ஆன அன்று அதே ஜீப்பில்தான் என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார். வழியில் உத்தமபாளையத்தில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டார். சும்மா வருகிற வண்டிதானே என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன். பச்சோந்தி வந்த அன்று யாரையும் ஏற்றவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், காற்று ஆகாது என்று முதல் வேலையாக ஃபேனை நிறுத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு நாள் நிறுத்திய ஜீப்பை மூன்றாம் நாள் எடுக்கத்தானே வேண்டும். ஆக, கவனிக்க வேண்டியது யார்? சாயங்காலம் மகன் வீடியோ காலில் வந்து எனக்கு வகுப்பு எடுத்தான். விளக்கு இத்தனை மணிக்குப் போட வேண்டும், மருந்தை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரம் விட வேண்டும், சுவர்க்கோழிப் பூச்சியை இடுக்கியில் பிடித்து முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். பாத்துக்கம்மா, பாத்துக்கம்மா என்று நாலு தரம் சொன்னான். நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவன் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான். ஒரு தரம் போன் பண்ணினான். சனி ஞாயிறு வந்தால் சோற்றுக்கு என்ன செய்வது என்று கேட்டான்.

எனக்கு ஒன்று மட்டும் அன்றைக்கே தெளிவாகத் தெரிந்தது. இது பிழைத்தால் அவர் பிழைக்க வைத்தார். செத்தால் நான் கொன்றேன். எனக்கு அதைப் பிடிக்காது என்பது தெருவுக்கே தெரியும். ஆகையால் அது சாகக் கூடாது என்று முடிவு செய்தேன். பாசமெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தப் பழியை என் தலையில் ஏற்றிக்கொள்ள நான் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

மருந்து கொடுக்கும்போது தையலைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடம் துணி தைத்தவள், பார்க்காமல் இருக்க முடியுமா? விலாப் பக்கம் பதினோரு தையல். துணியில் விளிம்பை உள்ளே மடித்துத்தான் தைப்போம். அந்த டாக்டர் இரண்டு விளிம்பையும் வெளிப்பக்கம் தூக்கிவிட்டுத் தைத்திருந்தார். இந்தத் தோலுக்கு அப்படித்தான் தைக்க வேண்டுமாம், ஒன்றரை மாதம் பிரிக்கக் கூடாதாம். இடைவெளி எல்லாம் ஒரே அளவாக இருந்தது. நல்ல கைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று இருந்தது. இங்கிலீஷில், டாக்டர்கள் எழுதுகிற எழுத்தில். அதை என் வீட்டுக்காரர் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினார். அவன் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. படித்ததற்கு எந்தக் குறியும் இல்லை. டாக்டர் வாயால் சொன்னதில் என் வீட்டுக்காரருக்கு நினைவிருந்தது ஒன்றுதான். தையல் நனையக் கூடாது.

அதுவரை கூண்டில் இருக்கிற செடிக்குக் காலையும் மாலையும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடிப்போம். இலையில் நிற்கிற சொட்டைத்தான் அது நக்கிக் குடிக்கும். கிண்ணத்தில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. தையல் நனையக் கூடாது என்றால் ஸ்ப்ரேயை நிறுத்தத்தானே வேண்டும்? நான் அவரிடம் கேட்டேன். தண்ணீர் அடிக்க வேண்டாம்தானே, ஆபரேஷன் ஆன வயிறு, உள்ளேயும் தண்ணீர் போகக் கூடாதே என்று. அவர் டீயை ஆற்றிக்கொண்டே தலையாட்டினார்.

"ஆமா. ஆபரேஷன் வயித்துக்குத் தண்ணி ஆகாதுல்ல. புண்ணு சீழ் புடிச்சுப் போகும்" என்றார்.

எங்கள் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பிரசவமோ ஆபரேஷனோ, வயிற்றில் கத்தி பட்டவளுக்குத் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். தண்ணீர் குடித்தால் புண் ஆறாது, வயிறு பெருத்துவிடும் என்பார்கள். கருவாடு, பூண்டு, மிளகு என்று எல்லாம் காய்ந்ததாகப் போட்டு, அரை டம்ளர் வெந்நீரைத் தொண்டை நனைக்கக் கொடுப்பார்கள். நான் கேட்டதிலும் அவர் தலையாட்டியதிலும் எங்களுக்கு எந்த விசேஷமும் தெரியவில்லை.

நான்காம் நாள் பூச்சியைக் காட்டினேன், நாக்கை நீட்டவில்லை. ஐந்தாம் நாள் அதன் எச்சத்தில் வெள்ளையாக விழ வேண்டிய பாகம் காவி நிறத்தில் விழுந்தது. ஆறாம் நாள் காலை அவர் மலைக்குப் போன பிறகு, மருந்து கொடுக்கக் கூண்டைத் திறந்தேன். அது சீறவில்லை. கறுக்கவில்லை. கண் இரண்டும் குழிக்குள் போய்க் கிடந்தன. என்னைப் பார்த்தும் பகையில்லாமல் அது உட்கார்ந்திருந்ததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. போன் பண்ணினேன். பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார். கூண்டுக்குள் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு இது பிடிக்காது, சரி. அதுக்காகத் தண்ணி கூடக் காட்டாமயா போட்டு வச்சிருப்ப?"

தலையாட்டியவர் அவர். அதைச் சொன்னேன். நான் எப்போது தலையாட்டினேன் என்றார். சண்டை போட நேரமில்லை. பெட்டியை நானே மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். குமுளி தாண்டி, பீர்மேடு தாண்டி, வளைவு வளைவாக மலை இறங்கினோம். மகன் நடுநடுவே போனில் கூப்பிட்டு, அம்மா என்ன பண்ணினாங்க என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டாக்டர் சின்ன வயசுப் பெண், மலையாளி. தமிழ் பேசுவார், நடுநடுவே அவர் பாஷை வரும். பச்சோந்தியின் கண்ணைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். வெள்ளம் கொடுக்கவில்லையா சேச்சி என்று தண்ணீரைப் பற்றிக் கேட்டார். சீட்டில் முதல் வரியே அதுதானாம். காயத்தில் படாமல் மூக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டுமாம், ஒரு நாளைக்குப் பல தடவை. நான் மறைக்கவில்லை. ஆபரேஷன் ஆன வயிறு என்பதால் நிறுத்தினேன், எங்கள் ஊரில் மனிதர்களுக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். அவர் சிரிஞ்சில் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மனுஷருக்கா? அப்படி யாரு சொன்னது சேச்சி? எனக்கு சிசேரியன் ஆச்சு. மறுநாள் தொட்டு, குடி குடின்னு நர்ஸ் என்னை விடல. தண்ணி இல்லேன்னா புண்ணு எப்படி ஆறும்? மூத்திரத்துல எரிச்சல் வரும், ஜுரம் வரும்."

தோலுக்கு அடியில் மெதுவாக மருந்துத் தண்ணீர் ஏற்றினார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் நாள் தண்ணீர் கூடாது என்று ஆறு வருடத்துக்கு முன்னால் தேனி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டாம் நாள் காலையிலேயே நர்ஸ் வந்து, இனிமேல் குடிக்கலாம், நிறையக் குடிங்கம்மா என்றார். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் என் மாமியார் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். அவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், புண் பழுத்தால் பார்க்கப்போவது நாம்தானே என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் தண்ணீர் கேட்டேன். ஈரப் பஞ்சை உதட்டில் வைத்தார். திரும்பக் கேட்டேன். பொறுத்துக்கொள் என்றார். நாலாம் நாள் மத்தியானம் மாமியார் சாப்பிடப் போன நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய், கால் கழுவுகிற மக்கில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குடித்தேன். என்னை எட்டிப்பார்க்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததோடு நிற்கவில்லை, ஆத்தாவிடம் சொன்னார். வார்டே கேட்கிற மாதிரி மாமியார் என்னைத் திட்டினார். காவி நிறத்தில் மூத்திரம் போனதையும், வீட்டுக்கு வந்த பிறகு எரிச்சலும் குளிர் காய்ச்சலுமாக ஒரு மாதம் கிடந்ததையும், அந்த மக்குத் தண்ணீர்தான் செய்தது என்றார்கள். ஆறு வருடமாக நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒரு மக்குத் தண்ணீருக்கு ஆசைப்பட்டு என் உடம்பை நானே கெடுத்துக்கொண்டேன் என்று. ஒரு பல்லியினத்துக்கு உடம்பு சரியில்லாமல் போய், மலை தாண்டி வந்து, ஒரு மிருக டாக்டர் வாயால் கேட்டுத்தான் எனக்கு இது தெரிய வேண்டியிருந்தது.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் என் மேலும் கொஞ்சம் இருந்தது. எனக்குச் செய்ததையே வாயில்லாத ஒன்றுக்கு நானும் செய்துவிட்டேனே என்று.

வீட்டுக்கு வந்ததும் மிஷினுக்கு மூடி போட்டேன். ஒரு மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்துக் குழாயில் தண்ணீர் எடுத்து அதன் மூக்கு நுனியில் விட்டேன். முதல் நாள் வழிந்து கீழே போனது. மறுநாள் மத்தியானம் நாலாவது சொட்டில் வாயைத் திறந்தது. தாடையை மெல்ல மெல்ல அசைத்து விழுங்க ஆரம்பித்தது. நின்றுகொண்டே விட்டேன், கை மரத்துப்போகிற வரைக்கும் விட்டேன். குடி, நல்லாக் குடி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிரியமாகச் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஐந்து நாளில் எச்சம் வெள்ளையானது. அடுத்த வாரம் ஒருநாள் காலை கூண்டைத் திறந்தேன், வாயைப் பிளந்து சீறிக்கொண்டு என் விரலுக்கு வந்தது. கழுத்து உப்பி, கறுகறுவென்று கறுத்தது. அந்த வீட்டில் அன்றைக்கு நேர்மையாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் வந்தான். என் வீட்டுக்காரர் போனைக் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார். அது இடுக்கியில் இருந்த பூச்சியை நாக்கை வீசி இழுத்துக்கொண்டது. மகன் கைதட்டினான். நீங்கள் அன்றைக்கு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வராவிட்டால் செத்தே போயிருக்கும் அப்பா என்றான். அவர் சிரித்தார். என்ன செய்ய, ஒரு உசுராச்சே என்றார். நான் மிஷினில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் போனை வைக்கிற வரைக்கும் பொறுத்திருந்தேன்.

வைத்ததும் கேட்டேன். தேனி ஆஸ்பத்திரியில் நான் தண்ணீர் கேட்டது நினைவிருக்கிறதா என்று. இப்போது எதற்கு அந்தக் கதை என்றார். அந்த மிருக டாக்டர் சொன்னதைக் கேட்டீர்கள்தானே என்றேன். அவர் கூண்டின் கதவைச் சாத்துகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆத்தா சொன்னாக, நான் செஞ்சேன். எனக்கென்ன தெரியும்" என்றார்.

மாமியார் போய் இரண்டு வருடம் ஆகிறது. பழியை இறக்கி வைக்க அவருக்கு நல்ல இடம் கிடைத்தது. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தேன்.

"அத்தை சொன்னாக, சரி. நர்ஸும் சொன்னாக. ரெண்டையும் கேட்டுக்கிட்டு நீங்க அங்கனதான ஒக்காந்திருந்தீக. இது வாயத் தொறந்து கேக்கல. கண்ணு உள்ள போனதப் பாத்ததுமே ஜீப்பத் தூக்கிட்டு மலை தாண்டிப் போனீக. நான் வாயத் தொறந்து கேட்டேன். ஒரு தரம் இல்ல, நாலு நாளும் கேட்டேன்."

அவர் கூண்டின் தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு அடுக்களைக்குப் போனார். பானை மூடியை எடுக்கிற சத்தம் கேட்டது. ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்து என் முன்னால் நீட்டினார்.

எனக்குத் தாகமில்லை என்றேன்.